ஜெம் கிளிப் போட்டு வைத்த டப்பா

நான் ஒரு மருத்துவரிடம் பொய் சொல்லியிருக்கிறேன். பெண், பணம், பதவி என்று ஏதாவது கௌரவமான விஷயத்துக்காகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. சளியைப் பற்றிச் சொன்னேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, எங்கள் பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தில் நடந்தது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் பிறப்பு, இறப்புப் பதிவேடு எழுதும் வேலை எனக்கு. நாலு மாதமாக இருமல். பழைய பதிவேடுகளின் தூசி என்று எல்லோரிடமும் சொல்லி வந்தேன். சுகாதார நிலையத்து நர்ஸ் நம்பவில்லை. ஒரு நாள் ஆபீசுக்கே வந்து, திருகு மூடி போட்ட சின்ன பிளாஸ்டிக் டப்பா ஒன்றை மேஜையில் வைத்தார்.

"காலையில எழுந்ததும் இதுல சளி துப்பி எடுத்துகினு வாங்க சார். டி.பி. இருக்கான்னு பாத்துடலாம்."

டி.பி.யா? எனக்கா? வீட்டில் இரண்டு அலமாரி புத்தகம் வைத்திருப்பவனுக்கு அதெல்லாம் வராது என்று எந்தப் புத்தகத்தில் படித்தேனோ தெரியவில்லை. அதைவிட, பெயர் எழுதி ஒட்டிய டப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு டீக்கடையைத் தாண்டிப் போக வேண்டும். தாண்டி முடிப்பதற்குள் நோய் என்ன, எத்தனை நாள் தாங்குவேன் என்பது வரை அங்கே முடிவாகிவிடும். டப்பாவில் ஜெம் கிளிப்புகளைப் போட்டு வைத்தேன். அளவு கச்சிதமாக இருந்தது.

பிறகு இருமலில் இரத்தம் வந்தது. டவுனில் ஒரு பெரிய மருத்துவமனைக்கு ஓடினேன். சி.டி. படத்தில் வலது நுரையீரலில் எலுமிச்சை அளவுக்கு ஒரு கட்டி. என்னைவிடப் பத்து வயது இளைய மருத்துவர் அம்மா, "சளி டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேட்டார்.

"எடுத்தாச்சு மேடம். ஒண்ணும் இல்ல."

யோசிக்காமல் வந்த பொய். அப்படியானால் புற்றுநோயாக இருக்கலாம், உடம்பில் வேறு எங்கும் பரவியிருக்கிறதா பார்க்க வேண்டும் என்று பெட் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் எட்டு மாதக் கர்ப்பிணியாக மகள். தலைப்பிரசவத்துக்கு வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவளிடம் சாதாரணப் பரிசோதனை என்றேன். ஆனால் மனதுக்குள் இறப்புப் பதிவேட்டில் என் பெயரை எழுதிப் பார்த்துவிட்டேன். எழுதப்போவது எனக்கு அடுத்த மேஜைக்காரர். அவர் கையெழுத்து கண்ணால் பார்க்கச் சகிக்காது. அந்தக் கவலையும் சேர்ந்துகொண்டது.

ஸ்கேனுக்கு முதல் நாள் ஊரில் தேர். முப்பது வருடமாகச் சாமி இல்லை என்று வாதாடியவன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வடத்தைப் பிடித்தேன். "இன்னாபா, கட்சி மாறிட்ட?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். திரும்பிப் பார்க்கவில்லை. தேர் நிலைக்கு வரும் வரை இழுத்தேன். ஸ்கேனுக்கு முன்பு உடம்பை வருத்தக் கூடாது என்று கொடுத்த காகிதம் சட்டைப் பையிலேயே இருந்தது.

மறுநாள் வெறும் வயிற்றோடு போனேன். கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றி, புற்று இருக்கும் இடம் படத்தில் எரியும் என்று சொல்லி, தனி அறையில் ஒரு மணி நேரம் பேசாமல் படுக்கச் சொன்னார்கள். பேசாமல் இருந்ததுதான் கஷ்டம். பிறகு ஸ்கேன் இயந்திரத்தின் வளையத்துக்குள் போய் வந்தேன். சட்டை போடும்போது அடுத்த அறைக் கதவு திறந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

திரையில் என் உடம்பு. தலை எரிகிறது. நெஞ்சு எரிகிறது. இரண்டு தோள், முதுகு, தொடை எல்லாம் திட்டுத் திட்டாக எரிகிறது. கதவைப் பிடித்துக்கொண்டேன். எல்லா இடத்திலும் பரவிவிட்டது. பேரனோ பேத்தியோ, முகம் பார்க்கவாவது ஒரு மாதம் கிடைக்குமா?

ஸ்கேன் எடுத்தவர் திரும்பிப் பார்த்தார். "சார், நேத்து இன்னா வேல செஞ்சீங்க?"

"தேர் இழுத்தேன்."

அவர் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார். "அதான் தசையெல்லாம் சக்கரைய இழுத்து வச்சிருக்கு. அது நோயில்ல சார், தேரு."

"அப்ப நெஞ்சுல?"

"அத டாக்டர்தான் சொல்லணும்." அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று முழுக்கக் கர்ப்பிணிகள் பக்கம் போகக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒரு கட்டளையை மட்டும் அட்சரம் பிசகாமல் காப்பாற்றினேன். வீட்டுக்குள் நுழையாமல் கொல்லையில் மோட்டார்க் கொட்டாயில் உட்கார்ந்துகொண்டேன். மகள் தூரத்தில் நின்று கத்தினாள். "இன்னாப்பா, வீட்டுக்கு தூரமானவங்க மாதிரி தனியா ஒக்காந்துகினு இருக்க?" பேரப்பிள்ளையைக் கதிர்வீச்சிலிருந்து காக்கிறேன் என்று எனக்குப் பெருமை. நெஞ்சு நிமிர்ந்தது. இருமலும் வந்தது.

மறுநாள் மருத்துவர் படத்தைக் காட்டிப் பேசினார். "இந்த ஸ்கேன் எந்த இடத்துல சர்க்கரை அதிகமா செலவாகுதுன்னு காட்டும். சாப்பிடறது யாருன்னு சொல்லாது. புற்றுநோயும் சாப்பிடும், டி.பி.யும் சாப்பிடும், தேர் இழுத்த தோளும் சாப்பிடும். மூளை எல்லாருக்கும் எரியும், அது நார்மல். கட்டியில ஊசி குத்தி எடுக்கணும். அதுக்கு முன்னாடி அந்தச் சளி ரிப்போர்ட்டைக் குடுங்க."

தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. மேஜை டிராயரைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். அதே டப்பா. அதே திருகு மூடி.

இரண்டு நாளில் முடிவு வந்தது. காசநோய். ஆறு மாதம் மாத்திரை, குணமாகிவிடும். எழுந்து ஆடலாம் போல இருந்தது. ஆடவில்லை, அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"வீட்ல யார் யார் இருக்காங்க?"

"மனைவி, மகள்..." என்றேன்.

ஒரே ஒரு சாயங்காலம் கதிர்வீச்சுக்குப் பயந்து கொட்டாயில் ஒதுங்கியவன், இரண்டு மாதமாக அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டு, சிரித்து, இருமியிருக்கிறேன். திரையில் உடம்பெல்லாம் எரிந்ததைப் பார்த்தபோதுகூட இப்படிக் குளிர்ந்து போகவில்லை.

நர்ஸ் வீட்டுக்கு வந்து மகள் கையிலும் மனைவி கையிலும் டி.பி. தொற்றைக் கண்டுபிடிக்கும் ஊசி போட்டார். குத்திய இடம் தடித்தால் தொற்று; அதை மூன்றாம் நாள்தான் பார்ப்பார்கள். அந்த மூன்று நாளும் முகக்கவசத்தோடு வாசலில் உட்கார்ந்து, தூரத்திலிருந்து அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். "அப்பா, என் கைய பாக்கறத கொஞ்சம் விடேன், கூசுது" என்றாள். அவளுக்கு ஒன்றும் இல்லை. வயிற்றை மறைத்து எடுத்த எக்ஸ்ரே படத்திலும் நுரையீரல் சுத்தம். மனைவிக்குத்தான் கை தடித்தது. நோய் வராமல் இருக்க அவளும் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்கினாள். தினமும் விழுங்குவதற்கு முன் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வைச் சூட்டிலேயே மாத்திரை கரைந்திருக்கும், தண்ணீர்கூடத் தேவைப்பட்டிருக்காது.

பேத்தி நல்லபடியாகப் பிறந்தாள். இன்றைக்கும் அவள் லேசாக இருமினால் உடனே நர்ஸுக்குப் போன் போட்டுவிடுகிறேன். டீக்கடையில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று பயந்தேனே தவிர, என் வீட்டில் மூச்சு விடுகிறவர்களை நினைத்துப் பார்க்கவில்லை. என் கௌரவத்துக்கு அந்தக் குழந்தை விலை கொடுத்திருக்கும்.

கடைசி மாத்திரை விழுங்கிய அன்று நர்ஸ் என் சிகிச்சை அட்டையை முடித்துவைக்க ஆபீசுக்கு வந்தார். மேஜையில் இருந்த ஜெம் கிளிப் டப்பாவை அவர் பார்த்துவிட்டார். பேச்சை மாற்ற, ஸ்கேன் படத்தை எடுத்துக் காட்டினேன். "பாத்தீங்களா சிஸ்டர், மத்த எடத்தவிட மூளதான் எவ்ளோ பிரகாசமா எரியுது!"

அவர் படத்தைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார். பையை மாட்டிக்கொண்டே கேட்டார்:

"எரிஞ்சிது சரி சார். வேல செஞ்சிதா?"