வழுக்குப்பாறையில் நான் சொல்லாமல் விட்டது

ஒரு மனிதரின் வலது கை என்னால் போயிற்று. நான் அவரைத் தள்ளவில்லை, தொடக்கூட இல்லை. ஆங்கிலத்தில் என்னிடம் சொல்லப்பட்ட ஒரு வாக்கியத்தை அவருக்குத் தமிழில் சொல்லாமல் விட்டேன். மறந்து விடவில்லை, தெரிந்தே விட்டேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எம்.ஏ. ஆங்கிலம் படித்திருந்தும் கல்லூரியில் வேலை கிடைக்காமல், திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் பேசுவதைத் தமிழாக்குவதும், முதலாளி பேசுவதை ஆங்கிலமாக்குவதும்தான் என் வேலை. இரண்டு பக்கமும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த இருப்பில் ஒரு போதை உண்டு. அதை அப்போதே உணர்ந்திருந்தேன்.

அந்த ஆண்டு தரம் பார்ப்பதற்காக ஐரோப்பாவிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்து சில மாதங்கள் தங்கினார். தன் சைக்கிளைப் பிரித்துப் பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டு வந்திருந்தார். மலையில் ஓட்டுகிற சைக்கிள். எருமைக் கொம்பு தடிமனுக்கு டயர், கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது. "என்னங்க இது, பாதி வண்டிதான் வந்திருக்குதா?" என்று வாட்ச்மேன் கேட்டார். நான் அதை மொழிபெயர்த்தேன். வெள்ளைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

டீ நேரத்தில் கம்பெனி வாசலில் அவர் வித்தை காட்டுவார். பெடலில் நின்றபடி, காலைத் தரையில் ஊன்றாமல், நின்ற இடத்திலேயே அசையாமல் நிற்பார். முன்சக்கரத்தைத் தூக்கிப் படியில் வைப்பார். இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகத் துள்ளவிட்டுத் துணிக்கட்டைத் தாண்டுவார். எங்கள் ஆட்கள் பாரம் கட்டுகிற சைக்கிளில் அதையெல்லாம் செய்து பார்த்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டார்கள். நின்ற இடத்தில் நிற்பது மட்டும் எனக்கு வந்தது. சிறு வயதிலிருந்தே பயந்து பயந்து சைக்கிள் ஓட்டியவன் நான். அது வந்த அன்று எனக்குப் பட்டம் வாங்கிய நாளை விடச் சந்தோஷமாக இருந்தது.

கட்டிங் மாஸ்டருக்கு எல்லாமே வந்தது. மேலப்பாளையத்திலிருந்து வந்து இங்கே குடும்பத்தோடு தங்கிவிட்டவர். துணியை அடுக்கடுக்காக விரித்து, கட்டிங் மிஷினை வலது கையால் தள்ளிக்கொண்டு போனால், மேல் அடுக்குக்கும் கீழ் அடுக்குக்கும் நூல் அளவு வித்தியாசம் இருக்காது. அது அவருக்கும் தெரியும். ஊருக்கே சொல்லவும் செய்வார்.

"என்னவே இங்கிலீஷு," என்பார் என்னை. "நீரு சைக்கிள்ல நிக்கத்தான் லாயக்கு. ஓடுறதுக்கு நாங்க இருக்கோம்."

"உங்க வாய்க்கு ஒரு பிரேக் வேணுமுங்க மாஸ்டர்," என்பேன்.

"வாய்க்கு பிரேக்கு போட்டா நான் மேலப்பாளையத்துக்காரனே இல்லவே."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்குப் போன பிறகும் அந்தச் சிரிப்புச் சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருக்கும்.

நெருப்பெரிச்சல் ஊருக்கு அப்பால் ஒரு கரடு, சின்னக் கல்குன்று, இருந்தது. அதன் ஒரு பக்கம் சரிவான வழுக்குப்பாறை. அது முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு திட்டு, அதற்குக் கீழே கைவிடப்பட்ட பாறைக்குழி. கல் எடுத்து முடித்த குழியில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. அதில் யாரோ சாயத்தண்ணீரையும் கொண்டுவந்து கொட்டினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கத்திரிப்பூ நிறத்தில் இருக்கும், அடுத்த ஞாயிறு கறுப்பாகியிருக்கும். அதன் கரையில் ஒரு பறவைகூட உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆழம் எவ்வளவு என்று வெள்ளைக்காரர் கேட்டதை அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"ஆழம் பாத்தவுங்க யாரும் மேல வந்து சொல்லலீங்க," என்றார் அவர்.

அதையும் மொழிபெயர்த்தேன். இந்த முறை வெள்ளைக்காரர் சிரிக்கவில்லை.

அந்தச் சரிவில் அவர் இறங்குவதைப் பார்ப்பதற்காகவே ஞாயிறுதோறும் நாங்கள் கூடினோம். சீட்டை விட்டு எழுந்து, இடுப்பைப் பின்சக்கரத்துக்கு மேல் தள்ளி, வயிறு சீட்டில் உரச, கைகளை நீட்டிக்கொண்டு இறங்குவார். "வெளிக்கு இருக்கப் போற மாதிரில்லா போறாரு!" என்றார் மாஸ்டர். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. திட்டில் வந்து வண்டி நிற்கும்போது முன்சக்கரத்துக்கும் குழிக்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருக்கும். உலகத்தில் எனக்கு ஒரே ஒரு வித்தை வரும் என்றால் அது வரட்டும் என்று நான் ஆசைப்பட்டேன். மாஸ்டரும் அதையே ஆசைப்பட்டார்.

வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கியது. சைக்கிளை இங்கேயே விட்டுப் போவதாகவும், பாறையில் காலை ஊன்றாமல் இறங்குகிறவர் அதை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார். முயல விரும்பியவர்கள் இரண்டே பேர், மாஸ்டரும் நானும். அந்தச் சைக்கிளில் அதுவரை நாங்கள் இருவருமே ஏறியதில்லை; ஓட்டிப் பார்க்காமலே இறங்குவேன் என்றார் மாஸ்டர்.

அதற்கென்று குறித்த ஞாயிற்றுக்குச் சில நாள் முன்பு கம்பெனி வளாகத்தில் நான் அந்தச் சைக்கிளை ஓட்டிப் பார்த்தேன். வாசலருகே வேகத்தைக் குறைக்க வழக்கம்போல் இடது கையை அழுத்தினேன். முன்சக்கரம் கவ்விப் பிடித்தது, வண்டியின் பின்பக்கம் மேலே எழும்பியது. எப்படியோ காலை ஊன்றித் தப்பினேன். நம் சைக்கிள்களில் வலது கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு, இடது கைப் பிரேக் பின்சக்கரத்துக்கு. முன்பிரேக் ஆளைக் கவிழ்க்கும் என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் அதைக் கழற்றியே போட்டிருப்பார்கள். பாரத்தோடு இறக்கத்தில் போகிறவனுக்கு இடது கைதான் உயிர். வெள்ளைக்காரரின் நாட்டில் அது தலைகீழ்.

அவர் ஓடி வந்தார். "மன்னித்துக்கொள், முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். இதன் பிரேக்குகள் உங்கள் சைக்கிளுக்கு நேர்மாறு. இடது கை முன்சக்கரம். மாஸ்டரிடம் மறக்காமல் சொல்லிவிடு," என்றார்.

சொல்கிறேன் என்றேன். அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை. மாஸ்டர் எதிரில் வந்த ஒவ்வொரு முறையும் அந்த வாக்கியம் நாக்கின் நுனிவரை வந்து திரும்பியது.

ஞாயிறு காலை வெயில் இல்லை. வானம் மூடிக் கிடந்தது. முந்தின நாள் பெய்த தூறலில் பாறை கறுத்துப் போயிருந்தது. குழியின் தண்ணீர் அன்று ரத்தச் சிவப்பு. எந்தச் சாயப்பட்டறையில் எந்தத் துணியை நனைத்தார்களோ. வேண்டாம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று வெள்ளைக்காரர் சொன்னார். அதை மட்டும் சரியாக மொழிபெயர்த்தேன்.

"பயமா இருந்தா நீரு வீட்டுக்குப் போவும்வே இங்கிலீஷு," என்றார் மாஸ்டர். "நான் முதல்ல எறங்குதேன். நீரு கீழ நின்னு எனக்கு இங்கிலீஷ்ல கை தட்டும்."

கூட்டம் சிரித்தது. அவர் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினார். வெள்ளைக்காரர் என் பக்கம் திரும்பி, "பிரேக்கைப் பற்றிச் சொல்லிவிட்டாய் அல்லவா?" என்று கேட்டார்.

"சொல்லிவிட்டேன்," என்றேன்.

வண்டி பாதியில் சறுக்கி நிற்கும், அவர் காலை ஊன்றுவார், சிரிப்பு இந்த முறை அவர் பக்கம் திரும்பும். அவ்வளவுதான் நினைத்தேன் என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மையில்லை. பாறைக்குழி எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அவர் அழகாக இறங்கினார். இடுப்பு பின்னால், கை நீட்டி, அந்த வெள்ளைக்காரரே இறங்குவது போல. முக்கால் பாறை தாண்டியதும் வேகம் கூடியது. இடது கை விரல்கள் மடங்குவதைப் பார்த்தேன். 'மாஸ்டர், வலது கை' என்று கத்த நேரம் இருந்தது. கத்தவில்லை. முன்சக்கரம் அப்படியே நின்றது. வண்டி தலைக்கு மேல் எழுந்தது. அவர் வலது கையை முன்னால் நீட்டிக்கொண்டு விழுந்தார், சறுக்கினார், ஒரு கால் குழியின் மேல் தொங்கியபடி திட்டில் வந்து கிடந்தார். சைக்கிள் அவரைத் தாண்டிப் போய்ச் சிவப்புத் தண்ணீரில் விழுந்தது. கொஞ்ச நேரம் குமிழிகள் வந்தன. பிறகு அதுவும் இல்லை.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு எலும்புகளைச் சேர்த்து வைத்தார்கள். எலும்பு கூடியது, பிடி கூடவில்லை. ஊருக்குக் கிளம்பும் முன் வெள்ளைக்காரர் பார்க்க வந்தார். கட்டிலருகே உட்கார்ந்து, "சொல்லியும் ஏன் இடது கையை அழுத்தினீர்கள்? எப்படி மறந்தீர்கள்?" என்று கேட்டார். கேட்கும்போது அவருக்குக் கண் கலங்கியது.

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "என்ன சொல்லுதாரு?"

"ரொம்ப வருத்தப்படறாருங்க."

"அவரு என்னவே செய்வாரு பாவம். என் கை எனக்கே அடங்கல்ல. அப்படிச் சொல்லும்."

அதைச் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மன்னித்துக்கொண்டார்கள். நடுவில் நான் உட்கார்ந்திருந்தேன்.

அதன் பிறகுதான் நான் செய்தது என்ன என்று எனக்கு மெல்ல மெல்லப் புரிந்தது. போனது வலது கைப்பிடி மட்டுமில்லை. இடது கையால் மிஷினைத் தள்ளிப் பழகுங்க மாஸ்டர், எத்தனை நாளானாலும் பரவாயில்லை என்று முதலாளி சொன்னார். அவர் மறுத்துவிட்டார். "அந்த எடது கைதாங்க என்னைக் கவுத்துச்சு. அவசரத்துக்கு அளவு தெரியாம இறுக்கிப் புடிக்கிற கைய நம்பிக் கத்தி ஓட்டுறதுக்கு இல்ல," என்றார். வெட்டிய பீஸ்களைக் கட்டுக் கட்டி நம்பர் போடும் இடத்தில் உட்கார்ந்தார். சைக்கிளைத் தொடவே இல்லை. கம்பெனிக்கு நடந்தே வந்தார். வாயும் அடங்கிவிட்டது. என்னை இங்கிலீஷு என்று கூப்பிடுவதுகூட நின்றுபோய், 'சார்' ஆயிற்று.

அவருக்கு ஒரு வாக்கியம்தான் தேவைப்பட்டது. உங்கள் கை சரியாகத்தான் செய்தது, வண்டிதான் மாறியிருந்தது என்று. அந்த வாக்கியத்தைச் சொல்ல வருடங்கள் பிடித்தன. தினமும் அவரைக் கடந்துதான் என் அறைக்குப் போவேன்.

கடைசியில் ஒரு மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் அவர் எதிரில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். வெள்ளைக்காரர் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது, சொன்னதாகப் பொய் சொன்னது, ஆஸ்பத்திரியில் மாற்றிச் சொன்னது எல்லாவற்றையும். அவர் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"அவரு சொன்னத இங்கிலீஷ்ல சொல்லும்," என்றார்.

சொன்னேன்.

"இப்பம் தமிழ்ல."

சொன்னேன்.

இடது கையைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அன்னைக்குப் பாறையில நின்ன ஆளுக முன்னாடி இத சொல்லும். எனக்கு மட்டும் சொன்னாக் காணாது," என்று எழுந்து போனார்.

அன்று சாயங்காலமே கம்பெனி எதிரில் இருந்த பேக்கரியில், பாறைக்கு வந்தவர்களில் மிச்சமிருந்தவர்களைக் கூட்டி வைத்துச் சொன்னேன். மாஸ்டர் கொஞ்சம் தள்ளி நின்று, நான் எதையாவது விடுகிறேனா என்று கேட்டுக்கொண்டிருந்தார். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருவர் மட்டும் டீ டம்ளரை வைத்துவிட்டு, "ஏனுங்க, படிச்சவுங்கதானுங்களே நீங்க," என்றார். அதற்குப் பின் வெளிநாட்டுக்காரர் வந்தால் முதலாளி ஆங்கிலம் தெரிந்த தன் மருமகனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். நான் பேசி முடித்ததும், "அவ்வளவுதான் சொன்னாருங்களா? ஒண்ணும் உட்டுப்போகலையே?" என்று மருமகன் கேட்பான். கேட்கத்தான் வேண்டும். இரண்டு வருடத்தில் நானே விலகிக்கொண்டேன்.

மாஸ்டர் எனக்கு முன்பே கம்பெனியை விட்டுப் போயிருந்தார். அவிநாசியில் ஒரு கம்பெனியில் இடது கையால் கத்தி ஓட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். ஒரு நாள் அவிநாசி ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது சைக்கிளில் வந்தார். என்னைப் பார்த்து ஓரமாக நிறுத்தினார்.

"நல்லா இருக்கீங்களா மாஸ்டர்?"

"வெட்டுதேன். முன்ன மாதிரி வராது. ஆனா சோத்துக்குக் கொறவில்ல." பெடலைச் சுற்றி மேலே கொண்டுவந்து காலை வைத்தார். "நடுவுல போன வருசத்த யாருட்ட போய்க் கேக்க? நான் உம்ம மன்னிக்கல்ல வே. மன்னிச்சிட்டேன்னு எங்கயும் சொல்லிராதீரும்."

"சொல்ல மாட்டேனுங்க."

அவர் பெடலை மிதித்து லாரிகளுக்கு நடுவே போனார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. இதைக் கேட்ட சிலர், காலப்போக்கில் மன்னித்திருப்பார் என்று எனக்கு ஆறுதல் சொல்வதுண்டு. இல்லை என்று ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன்.