நுரைக்குள் ஒரு கோடு

பாத்திரம் கழுவும் தொட்டி முன்னால் நின்று, சோப்புப் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காதருகே வைத்து அழுத்துகிறார் நுரை சார். ‘புர்ர்’ என்கிறது. முகம் மலர்கிறது. மறுபடி அழுத்துகிறார். பின்னால் மனைவி இடுப்பில் கைவைத்து நிற்பது அவருக்குத் தெரியாது.

“நாலு தட்டைக் கழுவச் சொன்னா, பாட்டிலைக் கொஞ்சிக்கிட்டு நிக்கிறீங்களே!”

“இதுல காத்தும் தண்ணியும் சேர்ந்து வருதும்மா. அப்படிச் சேர்ந்தா சத்தத்துக்கே காலைக் கட்டிப்போட்ட மாதிரி ஆயிடும். நுரைக்குள்ள சத்தம் பஸ் வேகத்துலதான் போகும், தெரியுமா?”

“தட்டு அதைவிட மெதுவாப் போகுது.”

ஆய்வுக்கூடத்திலும் அவருக்கு இதே பிழைப்புதான். காற்றையும் தண்ணீரையும் நுரையாக்கி, இடுப்பு சிறுத்த ஒரு நாசில் குழாய் வழியே விரட்டுவார். இடுப்பைத் தாண்டிய நுரை, தனக்குள் ஒலி போகும் வேகத்தையே முந்திக்கொண்டு பாயும். பிறகு ஓரிடத்தில் எதிலோ முட்டிக்கொண்டதுபோல் சட்டென்று தளரும். குமிழ்கள் நசுங்கி, பாலாய் வெளுத்திருந்தது தெளியும். அந்த எல்லைக்கோட்டைக் குழாயின் கண்ணாடி ஜன்னலில் அசையாமல் நிறுத்திவிட்டால் அவர் ஜென்மம் சாபல்யம். கோடு நிற்காது. “கண்ணு, கொஞ்சம் நில்லுடா” என்று குழாயைத் தடவிக்கொடுப்பார். அப்போதும் நிற்காது.

முடிவெட்டப் போனால் தண்ணீர் பீச்சும் புட்டியை வாங்கி, தன் தலையில் தானே பீச்சிக்கொண்டு துளிகளை வேடிக்கை பார்ப்பார். முடிதிருத்துபவர் கத்தரியோடு காத்திருக்க வேண்டியதுதான்.

போன வாரம் ஆய்வுக்கூட இயக்குநர் கோட்டும் சூட்டுமாய் விருந்தினரை அழைத்துவந்தார். அதற்குமுன் சாரைத் தனியாகக் கூப்பிட்டு, “இன்னைக்கும் அந்தக் கோடு நிக்கலைன்னா ரூமைக் காலி பண்ணிடுங்க. பேட்டரி ஆராய்ச்சிக்காரங்க ரொம்ப நாளா கேக்கறாங்க” என்றிருந்தார்.

வால்வைத் திறந்தார். கோடு வந்தது, நெளிந்தது, காணாமல் போனது. விருந்தினர் ஒருவர் கொட்டாவி விட்டார். சார் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் திருப்பினார். நுரை வெளியேறும் முனையில் மாட்டியிருந்த ரப்பர் குழாய் படீரென்று கழன்று, பாம்பாய்த் துள்ளி, வந்தவர்கள் அத்தனை பேரையும் நுரையில் குளிப்பாட்டியது. அதுவரை அந்த ரப்பர் குழாய் கொடுத்த எதிரழுத்தம் குறைந்ததோ இல்லையோ, ஜன்னலில் கோடு வந்து ஆணி அடித்தாற்போல் நின்றது.

“நின்னுடுச்சு! நின்னுடுச்சு!” சார் குதித்தார்.

“எதுய்யா நிக்குது? நானே வழுக்கிக்கிட்டு இருக்கேன்! அணைய்யா அதை!” என்று கத்தினார் இயக்குநர்.

“அணைச்சா போயிடும் சார்! ஒரே ஒரு தடவை பாத்துடுங்க!”

“எதைப் பாக்கறது? கண்ணே தெரியலையேய்யா!”

நுரை சார் ஒரு கணம் யோசித்தார். பிறகு இயக்குநரின் நுரை அப்பிய மூக்குக்கண்ணாடியைப் பதமாகக் கழற்றி, தன் சட்டையின் காய்ந்த நுனியில் துடைத்து, திரும்ப மாட்டிவிட்டு, அவர் தாடையை இரு விரலால் பிடித்து மெல்ல ஜன்னல் பக்கம் திருப்பினார்.