துரைக்கண்ணுவின் கையெழுத்துப் பந்துகள்

மன்னார்குடியில் சைக்கிள் கடை துரைக்கண்ணு என்றால் பாதிப் பேருக்குத் தெரியும். பந்துக் கிறுக்கன் என்றால் எல்லாருக்கும் தெரியும். நான் ஹபீப் முகம்மது, அவருக்கு எதிர்த்தாப்பல தையல் கடை. அந்த மனுஷனோடு பழகி என் தலையும் நரைத்துவிட்டது.

சுற்றுவட்டாரத்தில் எங்கே வாலிபால் போட்டி நடந்தாலும் பந்துக்குக் காற்றடிக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். கூலி வாங்க மாட்டார். ஆடித் தேய்ந்துபோன பந்தில், அதில் ஆடிய பையன்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டும், அவ்வளவுதான். மாநில அணி, தேசிய அணி என்று போனவன் ஒருத்தன்கூட அதில் கிடையாது. எல்லாம் சம்பா அறுத்த வயலில் கம்பு நட்டு ஆடிய பையன்கள். பாதிப் பேர் இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார்கள், சிலர் இல்லவே இல்லை.

"இதை வச்சு என்னங்க பண்ணப் போறீங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"வீட்டுல ஆள் இருக்கற மாதிரி இருக்கு பாய்" என்றார். கல்யாணம் செய்துகொள்ளாத மனுஷன். அதற்கு மேல் நான் என்ன கேட்பது?

எல்லாவற்றிலும் உசத்தி ஒரு பந்து. அவர் தம்பி ராஜராஜன் இளவட்டமாக இருந்தபோது கேப்டனாக ஆடிய அணியின் பந்து அது. பிற்பாடு பாகப்பிரிவினையில் ஒரு வரப்புக்காகச் சண்டை வந்து, அண்ணனும் தம்பியும் பேசாமலே இருந்துவிட்டார்கள். வீம்பு இருக்கிறதே, அது சோறு போடாது. போன வருஷம் தம்பி செத்தபோது இவர் தெருமுனையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்.

இந்த ஆயுத பூஜைக்கு, தம்பி மகள் தமிழ்நிலா போன் செய்து, "பெரியப்பா, நான் வரட்டுமா?" என்று கேட்டாள். இவருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அப்பன் கையெழுத்தை அவ கையில குடுக்கப் போறேன் பாய். அதைப் பாத்தா அப்பப்ப வருவா, இல்ல?" என்றார்.

பூஜையன்று காலையிலேயே அந்தப் பந்தை எடுத்து டூல்ஸ் பெட்டி மேல் தயாராக வைத்துவிட்டு, பொரி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனார். நானும் கூடப் போனேன்.

திரும்பி வந்தால், அதற்குள் வந்துவிட்ட தமிழ்நிலா கொல்லைக் குழாயடியில் துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆயுத பூஜை என்றால் தொழில் சாமான்களைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைப்பதுதானே வழக்கம். பெட்டியோடு தூக்கி வந்து ஸ்பேனர், சுத்தியல், பம்பு எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்திருந்தாள். கடைசியில் அந்தப் பந்து. தேங்காய் நாரும் சோப்பும் போட்டுத் தேய்த்ததில் உரித்த முட்டை மாதிரி இருந்தது. பழைய மைப்பேனா எழுத்து, ஒரு கோடுகூட மிச்சமில்லை.

நான் வாயைத் திறக்கப் போனேன். துரைக்கண்ணு என் கையைப் பிடித்து அழுத்தினார்.

அவர் முகத்தைப் பார்த்து அவள் எழுந்துவிட்டாள். "என்ன பெரியப்பா? அதுல ஏதோ எழுதியிருந்துச்சு. முக்கியமானதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா. பசங்க கிறுக்கினது."

வேறு எவனாவது இப்படிச் சொல்லியிருந்தால் பம்பாலேயே மண்டையைப் பிளந்திருப்பார். எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்லிவிட்டால் அந்தப் பெண் இனி எந்த முகத்தோடு இந்த வாசலை மிதிப்பாள்?

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. "நல்லவேளை! அப்ப அலமாரியில இருக்கற பந்துங்களையும் கழுவிடட்டுமா பெரியப்பா? எல்லாம் ஒரே அழுக்கா கிடக்கு."

வேண்டாம் என்றால் அவளுக்குப் புரிந்துவிடும். அவர் உள்ளே போய் இரண்டு பந்துகளை எடுத்து வந்து, அவள் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்தாம்மா, நான் தண்ணி ஊத்தறேன், நீ தேய்" என்றார். "அப்படியே உங்கப்பன் வீட்டுல எப்படி இருப்பான்னு சொல்லேன்."