சித்தப்பா செய்த தோட்டாக்கள்

எங்கள் குடும்பத்தில் துப்பாக்கி வைத்திருந்த ஒரே ஆள் சித்தி. இதைப் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. மழை நாட்களில் குடையோடு வாசலில் நின்று என்னைக் கூட்டிப்போகிற அந்தக் கட்டை மனுசியா என்று கேட்டார்கள். அவரேதான்.

அப்போது எனக்குப் பத்து வயதிருக்கும். ஹென்டர்சனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் அம்மாவின் தங்கையான சித்தியும் சித்தப்பாவும் இருந்தார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமைகளில் நான் அவர்களுடைய பிள்ளை. சித்தி விரி என்கிற இடத்தில் ஒரு கிடங்கில் வேலை செய்தார். கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி ஒருநாள் தன்னுடைய துப்பாக்கிச் சங்கத்துக்கு அவரைச் சும்மா வேடிக்கை பார்க்கக் கூட்டிப்போனாள். அங்கே பாயில் குப்புறப் படுத்து, யாரோ இரவல் கொடுத்த துப்பாக்கியால் தூரத்து இலக்கைச் சித்தி சுட்டாராம். தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மற்றவர்களையும் கூப்பிட்டுக் காட்டினார்களாம்.

அடுத்த வாரமே சித்தி உரிமத்துக்கு விண்ணப்பித்தார். விசாரிக்க வந்த அதிகாரி சித்தியை வெளியே அனுப்பிவிட்டு, உங்கள் மனைவி கோபக்காரியா என்று சித்தப்பாவைத் தனியாகக் கேட்டார். "சோறு குழைஞ்சாக் கோவம் வரும். அதுவும் என்னில இல்லை, அரிசியில" என்று சித்தப்பா இங்கிலீஷில் விளக்கினாராம். உரிமம் கிடைத்தது.

அம்மாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. "வெடிச் சத்தத்துக்குப் பயந்துதானே இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள்? இப்ப நீ காசு குடுத்துச் சுடப் போறியோ?"

"அங்க சத்தம் கேட்டா நாங்கள் படுத்தனாங்கள் அக்கா. இங்க நான் படுத்துக்கொண்டு சத்தம் போடுறன். ரெண்டும் ஒண்டில்லை" என்றார் சித்தி.

அம்மா கேட்க வேண்டியிருந்தது காசைப் பற்றித்தான். கடையில் விற்கிற தோட்டா யானை விலை. ஒரு சனிக்கிழமை சுட்டு முடிப்பதற்குள் அந்த வாரத்து மரக்கறிச் செலவு புகையாகப் போய்விடும். இரவு வேலை பார்க்கும் சித்தப்பா பகலில் கணினி முன்னால் உட்கார்ந்து படித்து, இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். தோட்டாவில் விலை கூடிய பகுதி அதன் வெளிக்கூடான பித்தளைக் கோதுதான். சுட்ட பிறகும் அது அப்படியே கிடக்கிறது. அதைப் பொறுக்கி வந்து, கழுவி, அமுக்கி அளவுக்குக் கொண்டுவந்து, அடியில் பொறி தட்டுகிற புதுப் பிரைமரும் உள்ளே புது வெடிமருந்தும் வாயில் பறந்துபோய்த் தைக்கிற புதுச் சன்னமும் வைத்தால் மறுபடி தோட்டா. பாதி விலையில் முடியும் என்றார். அதற்கு அவரும் ஓர் உரிமம் எடுத்தார்.

முதலில் கராஜுக்கு ஒரு நெம்புகோல் இயந்திரம் வந்தது. பிறகு நகைக்கடைத் தராசு போல ஒன்று. பிறகு கோதுகளைப் போட்டுச் சுற்றி மினுக்குகிற டிரம். இதெல்லாம் என்ன விலை என்று அம்மா கேட்டபோது, இது செலவு இல்லை, போட்டு வைக்கிற முதல் என்றார் சித்தப்பா. உண்மையாகவே ஒரு தோட்டாவின் விலை பாதியாகத்தான் இறங்கியது. உடனே சித்தி இரண்டு மடங்கு சுடத் தொடங்கினார். "மிச்சம் பிடிக்கிறன் எண்டு கராஜையே நிரப்பிப் போட்டார்" என்பாள் அம்மா. கார் அதன்பிறகு எப்போதும் வெளியில்தான் நனைந்தது.

ஆனால் சித்தப்பாவின் தோட்டாக்கள் நல்ல தோட்டாக்கள். சித்தியின் துப்பாக்கிக்கு எந்த அளவு மருந்து ஒத்துவரும் என்று மாதக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் செய்தவை. சங்கத்துப் பெரியவர்கள் இலக்கின் நடுவில் விழுந்த ஓட்டைகளைப் பார்த்துவிட்டு, இதை யார் செய்தது என்று கேட்பார்கள். சித்தி பின்னால் கையைக் காட்டுவார். சித்தப்பா வெட்கத்தோடு தேநீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

அந்த வருடக் கோப்பைப் போட்டிக்கு நானும் போயிருந்தேன். காதை முழுக்க மூடுகிற பெரிய கவசம் எனக்கு. கோப்பையில் முன்னர் வென்றவர்களின் பெயர்களைப் பொறித்திருந்தார்கள். எல்லாம் சின்னச் சின்னப் பெயர்கள். எங்கள் சித்தியின் பெயர் பாதிக் கோப்பையைச் சுற்றி வரும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அன்று சித்தி முன்னணியில் இருந்தார். கடைசிச் சுற்றிலும் குண்டுகள் நடுவிலேயே விழுந்தன. இன்னும் கொஞ்சம்தான், கோப்பை எங்களுக்கு.

அப்போதுதான் அந்தச் சத்தம். வெடியென்று சொல்ல முடியாது. சோடாப் போத்தல் மூடியைத் திறந்தது போல ஒரு "டப்". சுற்றிலும் மற்றவர்கள் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அடுத்த தோட்டா சித்தியின் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. சித்தி துப்பாக்கியை அசைக்காமல், முனை இலக்கைப் பார்த்தபடி இருக்க, கையை உயர்த்தினார்.

களப் பொறுப்பாளர் வந்தார். சுடுவதை நிறுத்தினார்கள். குழலுக்குள் ஒரு கம்பியை விட்டுப் பார்த்தார். அது பாதி வழியில் முட்டி நின்றது. அந்தக் கோதுக்குள் மருந்தே இருக்கவில்லை. பிரைமர் மட்டும் வெடித்துச் சன்னத்தைக் குழலின் நடுவில் கொண்டுபோய் இறுக்கிவிட்டிருந்தது. அடுத்ததைப் போட்டு இழுத்திருந்தால் குழலே வெடித்து, என்று ஆரம்பித்த பொறுப்பாளர், என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

துப்பாக்கி அன்றைக்கு உதவாது. போட்டி போயிற்று. வென்ற கிழவருக்குச் சித்தி சிரித்தபடியே கை கொடுத்தார். நான்தான் அழுதேன். ஏன் அடுத்ததைச் சுடவில்லை, ஏன் கையைத் தூக்கினீங்கள் என்று இங்கிலீஷில் கத்தினேன்.

"சத்தம் சரியில்லைப் பிள்ளை" என்றார் சித்தி. அவ்வளவுதான்.

மருந்து போட்டுக்கொண்டிருந்தபோது வேலையிடத்திலிருந்து போன் வந்ததாகவும், கதைத்துவிட்டு வந்து, நிறுத்திய இடம் என்று நினைத்த இடத்திலிருந்து தொடங்கியதில் ஒரு கோது தப்பிவிட்டதாகவும் வீடு வந்ததும் வாசலில் வைத்துச் சித்தப்பா சொன்னார். அன்று பின்னேரமே இயந்திரத்தைக் கழற்றிப் பெட்டியில் போட்டார். நான் கோப்பைக்காக இன்னமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கராஜ் படியில் உட்கார்ந்திருந்தேன்.

"எல்லாத்தையும் வித்துப்போடுறன்" என்றார் சித்தப்பா. "இனி நீர் கடையிலயே வாங்கும். விலை போனாப் போகுது."

"கடைத் தோட்டா என்ர துவக்குக்குச் சரிவராது" என்று சித்தி துப்பாக்கியைக் காட்டினார்.

"நீர் என்ன கதைக்கிறீர்? இண்டைக்கு என்ன நடந்திருக்கும் எண்டு தெரியுமே?"

"தெரியும். நான்தானே படுத்துக் கிடந்தனான்." சித்தி பெட்டியிலிருந்து இயந்திரத்தைத் தூக்கி மேசையில் வைத்தார். "திருகாணியை எங்க வச்சனீங்கள்?"

அதன்பிறகு கராஜில் புதுச் சட்டங்கள் வந்தன. மருந்து போடும்போது போன் வீட்டுக்குள், குசினி அடுப்படியில் இருக்க வேண்டும். யாரும் கதவைத் தட்டக் கூடாது, நானும் கூட. சன்னம் வைக்கும் முன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும், முடித்தபின் மறுபடி நிறுக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டுச் செய்யும் நேரத்துக்கும் கூலி போட்டால் கடைத் தோட்டாவே மலிவு என்று அப்பா சொன்னார். சித்தி காது கொடுக்கவில்லை. செலவு குறைவு, அதுதான், என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார். நானும் அப்படித்தான் நம்பினேன்.

அடுத்த போட்டி நாளில் சித்தப்பா காரை விட்டு இறங்கவில்லை. இரவு வேலை, தலை இடிக்கிறது என்றார். சித்தி பாயை விரித்து, துப்பாக்கியை வைத்து, படுத்த பிறகு, என்னைக் கூப்பிட்டார். "ஓடிப்போய்ச் சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு வா. அவர் வந்தாத்தான் தொடங்குவன் எண்டு சொல்லு."

சித்தப்பா வந்தார். பார்வையாளர் கோட்டுக்குப் பின்னால், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். சித்தி ஒருமுறை திரும்பி, அவர் நிற்கிறாரா என்று பார்த்தார். பிறகு அவர் செய்த தோட்டாவைப் போட்டுக் கன்னத்தைத் துப்பாக்கியில் சாய்த்துக்கொண்டார்.

வெடித்தது. முழுச் சத்தம், என் நெஞ்சுக்குள் வந்து இடித்தது. சித்தி அடுத்ததை எடுத்தார்.

நான் திரும்பிப் பார்த்தேன். சித்தப்பா ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கைகளாலும் துடைத்துக்கொண்டிருந்தார். பாவம், இரவு முழுக்க நின்று வேலை செய்த கால்வலி என்று நினைத்து, என்னுடைய மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போனேன்.