சென்னிமலைக்கு அப்பால் பூக் கேட்கப் போன கதை

உங்கள் மதத்தின் நம்பிக்கைகளைச் சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று வெளியூர் நண்பர் ஒருவர் கேட்டார். வினைப்பயன், மறுபிறவி, ஒரே பரம்பொருளுக்கு ஆயிரம் வடிவம் என்று புத்தகத்தில் படித்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். என் வீட்டில் அது எப்படி நடக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

தை மாதத்து வெள்ளிக்கிழமை, காலை ஆறே கால். நானும் என் மகள் சுகன்யாவும் கோவை சிங்காநல்லூரில் காங்கேயம் பேருந்து ஏறினோம். அவளுக்கு அன்னூர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்திருந்தேன். தோட்டம், நூல் மில், ஒரே பையன். எனக்கு வாயெல்லாம் பல். "சாமி என்ன சொல்லுதோ அப்படியே ஆகட்டுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள் சுகன்யா. அடக்கமான பிள்ளை என்று பூரித்துப் போனேன்.

சாமி என்றால் எங்கள் குலதெய்வம். தகப்பன் வழியில் வருகிற அம்மன். ஊரில் எத்தனை பெரிய கோயில் இருந்தாலும் கல்யாணம், கிணறு வெட்டுவது எதற்கும் முதல் சொல் அவளுடையதுதான். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலமாகவும் சிவப்புப் பூவை ஒரு பொட்டலமாகவும் வாழையிலையில் மடித்து அவள் காலடியில் வைக்க வேண்டும். ஒன்றை எடுத்துப் பிரித்தால் வெள்ளை சம்மதம், சிவப்பு வேண்டாம். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பல்லடம் தாண்டியதும் காற்றாலைகள், பிறகு கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகள். காங்கேயத்தில் வண்டி மாறி ஒன்பது மணிக்குச் சென்னிமலை. ஐம்பது ரூபாய்க்குப் பூ வாங்கினேன். அங்கிருந்து ஆறு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூற்றைம்பது.

"பூக் கேக்கவாங்க?" என்றார் ஆட்டோக்காரர். "போன வருசம் எங்கக்கா மகளுக்குச் செவப்பு வந்துபோச்சுங்க. அன்னைக்கே மாப்பிள்ளை ஊட்டுக்காரங்ககிட்ட வேண்டாம்னு சொல்லிப்போட்டோம்."

அட, அவர் வேறு! சிவப்பு வந்துவிட்டால் அன்னூர் கைநழுவிப் போகுமே என்று அப்போதே கணக்குப் போட்டேன்.

கோயில் வாசலில் சுகன்யா குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். பூசாரி வாழையிலையை நீட்டி, "நீங்களே மடிச்சுக் குடுங்க, நான் பாக்கக் கூடாதுங்க" என்று திரும்பி நின்றுகொண்டார். நான் இரண்டு இலையிலும் வெள்ளை நந்தியாவட்டையையே வைத்து மடித்தேன். செவ்வரளியைச் சுவருக்கு அப்பால் வீசினேன். பாவி, கையைத் துடைத்துக்கொண்டு பொட்டலங்களைப் பூசாரியிடம் நீட்டினேன்.

வழக்கமாகக் குழந்தைதான் எடுக்கும். அன்று யாரும் இல்லாததால் சுகன்யாவையே எடுக்கச் சொன்னார் பூசாரி. கண்ணை மூடி வெகுநேரம் கும்பிட்டாள். எடுத்துப் பிரித்தாள். வெள்ளை.

"அம்மா உத்தரவு குடுத்துபோட்டாளுங்க!" என்றார் பூசாரி. நான் அங்கேயே அன்னூருக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

திரும்பும் பேருந்தில், பல்லடம் வந்ததும் சுகன்யா என் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, கோவிச்சுக்க மாட்டீங்களே? எனக்கு அவரப் புடிக்கலீங்கப்பா. உங்ககிட்ட முடியாதுன்னு சொல்ல வாய் வரல. செவப்பு வரோணும்னு ஒரு மண்டலம் வெரதம் இருந்தேன். பரவால்லீங்க. சாமியே சொன்னதுக்கப்புறம் என்ன இருக்குது, கட்டிக்கறேன்."

அப்படியே விட்டிருந்தால் என்னைப் போல் ஒரு கயவன் கிடையாது.

"சாமி சொல்லல கண்ணு. ரெண்டு பொட்டலத்துலயும் நான் வெள்ளையத்தான் வெச்சேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் ஒன்றரைக்குச் சூலூரில் அவளோடு இறங்கி அன்னூருக்கு மறுபடி போன் செய்தேன். தப்பு என்னுடையது, சம்பந்தம் வேண்டாம் என்றேன். அவர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். எப்படியோ சரிசெய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"முடிஞ்சுபோச்சு அம்மணி. இனி இந்தக் கல்யாணம் இல்ல" என்றேன்.

"கல்யாணத்த உடுங்கப்பா," என்றாள் சுகன்யா. "அத்தன நாளும் நான் சாமிகிட்டப் பேசிட்டிருக்கறேன்னு நெனச்சேன். அங்க நீங்கதான் நின்னுட்டிருந்திருக்கீங்க."