கண்ணை மூடி ஏறிய கொல்லிமலை

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு ஸ்கேன் மையத்தில் நான் டெக்னீஷியன். ஒருநாள் நாமக்கல் லாரி டிரைவர் ஒருவர் வந்தார். ஜன்னல் பக்க வெயிலில் அவருடைய வலக்கை மட்டும் கூடுதலாகக் கருத்திருந்தது. நுரையீரலில் புற்றுக்கட்டி; வேறெங்காவது பரவியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கதிரியக்கம் கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றினேன்.

"சர்க்கரை எதுக்குங்க?"

"புற்று செல்லுக்குப் பசி அதிகம்ண்ணா. சர்க்கரையை அரைகுறையா எரிச்சிட்டு, அதுலயே புது செல்லும் கட்டிக்கும். அது இருக்கிற இடம் படத்துல மின்னும்."

"அடப்பாவி! பாதி டீசலைப் புகையா ஊதிட்டு, மீதிய வித்து ஊடு கட்டுற டிரைவருங்க அவன்!"

ஒரு மணி நேரம் அசையாமல் படுக்கச் சொன்னேன். பிறகு எடுத்த படத்தில் கட்டி மின்னியது. இடது கெண்டைக்காலும் மின்னியது! அங்கேயும் பரவிவிட்டதா? உழைத்த தசையும் சர்க்கரை தின்னும் என்பது நினைவுக்கு வர, ஓடிப்போய்க் கேட்டேன்.

"காலை ஆட்டினீங்களாண்ணா?"

"இல்லீங்க சாமி. பொழுது போகாம கண்ண மூடிட்டுக் கொல்லிமலை ஏறுனேன். எழுபது கொண்டை ஊசி வளைவுல இடது கால்ல கிளச்சு மிதிக்காம எப்படீங்க?"

கால் வெறும் தசைதான், எங்கும் பரவவில்லை என்றார் டாக்டர்.

இப்போதெல்லாம் ஊசி போடுமுன் தொழிலைக் கேட்கிறேன். டிரைவர் என்றால், வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் படுக்கச் சொல்கிறேன்.