துடைத்த அடுப்பு

"திரும்பவும் பீஸ் போச்சுபா."

எங்கள் எலக்ட்ரிக் கடை வாசலில் சரசா வந்து நின்றதும், கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் லேம்பைக் கையில் எடுத்தேன். அவள் வீட்டு வயரிங் என் கைவேலை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எங்கே கரண்ட் போனாலும் என்மேல்தான் எனக்கு முதல் சந்தேகம்.

பிள்ளையார்பாளையத்தில் அவளும் அவள் அப்பாவும் ஒரே தறியில், இரண்டு பேர் சேர்ந்து நெய்யவேண்டிய கோர்வைச் சேலை நெய்தார்கள். ஒருவர் எழுந்தால் தறி நிற்கும். விறகுப் புகையில் அப்பா இருமி இருமி எழுந்துவிடுகிறார் என்று அவள்தான் அடம்பிடித்து, கரண்டில் கம்பிச்சுருள் சிவக்கும் காயில் அடுப்பு வாங்கினாள். நான் போய் அடுப்பைக் கழற்றி மாட்டி, பீஸ் கட்டையில் புதுக் கம்பி போட்டால் நன்றாக எரியும். மறுநாள் காலை திரும்பப் பீஸ் போய்விடும்.

"மெயின் ஆஃப்தானே? எத்தினி தபா பாப்ப?" என்று தறிக்குழியிலிருந்தே சிரிப்பாள்.

"கை வெக்கிறதுக்கு முன்னால ஒரு தபா..."

"பொண்ணு பாக்கப் போறப்பவும் டெஸ்ட் லேம்ப் எடுத்துக்கினு போவியா?"

இந்தச் சிரிப்புக்காக இன்னொரு முறை பீஸ் போகட்டுமே என்று தோன்றும். அதற்குள் பெரியவர் இருமுவார்.

"தம்பி, இன்னொரு தபா போச்சின்னா கடையிலயே திருப்பிக் குடுத்துடுவேன். வெறகே போதும்" என்றார் ஒருநாள்.

அடுத்த நாள் அவள் கூப்பிட வருவதற்கு முன்பே, விடிந்ததும் போனேன். சரசா பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஈரத்துணியால் அடுப்பை அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கோலமாவும் குங்குமச் சிமிழும். விறகடுப்புக்குச் செய்த அதே மரியாதை. துணி இழுத்ததில் காயில் மண் தட்டின் பள்ளத்தைவிட்டு எழும்பி, ஓரத்துத் தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. தகரத்தில் நான் கொடுத்த எர்த் வயர். பீஸ் போகாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு தடவையும் கழற்றி மாட்டும்போது நானே அறியாமல் காயிலைப் பள்ளத்தில் உட்கார வைத்திருக்கிறேன்.

"அடுப்பத் தொடைக்காத."

"தொடைக்காத அடுப்புல எப்டிபா ஒலை வெக்கிறது?"

கடப்பைக் கல் ஒன்று கொண்டுவந்து, அடுப்பை அதன்மேல் வைத்தேன். "கல்லைத் தொடை. கல்லுல கோலம் போடு."

"அப்ப இனிமே பீஸ் போவாதா?"

"போவாது."

அவள் சிரிக்கவில்லை.

அதன்பிறகு பீஸ் போகவுமில்லை. அந்தத் தெருவில் எனக்கு வேலையும் இல்லை. வருஷம் திரும்புவதற்குள் அவளை வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சாமானை மட்டும் பார்க்காதே, அது கெட்டுப்போகிற வேளைக்குப் போய்ப் பார்.

இப்போது பீஸ் இல்லை, டிரிப் ஆகிறது என்கிறார்கள். விடியற்காலையில் யாராவது வாசலில் அப்படிக் கூப்பிட்டால், எந்த வீடு என்று கேட்பதற்குள் சட்டையை மாட்டிவிடுகிறேன்.